கங்காணிக்கு அம்மா சோறு கொண்டு போகிறார்: இது அன்பா, பழைய பயமா?

மேல்டிவிஷன் மகள் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் டவுனில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கொஞ்ச காலமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் வந்தேன். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில் போய் முடிகிறது. சபையில் கேட்டால் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் ஒரு பழைய கங்காணி இருக்கிறார், மலையில் ஆட்களை வேலை வாங்கியவர். பேர் வேண்டாம், லயத்தில் எல்லாருக்கும் அவர் கங்காணித் தாத்தாதான். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெஞ்சாதி செத்து வெகு காலம். மகன்மார் கொழும்பில் இருக்கிறார்கள், எட்டிப் பார்ப்பதில்லை. சீனி வருத்தம் (நீரிழிவு), காலில் ஆறாத புண். போன மழைக்காலத்தில் இஸ்தோப்பிலேயே, முன் திண்ணையில், விழுந்து கிடந்தார். அதற்குப் பிறகு எங்கள் சபை மாதர் ஐக்கியம் முறை போட்டு அவருக்கு இரவுச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தது. அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் முன்னுக்கு நின்ற ஆள். அதைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் இல்லை. பசித்தவர் யாராக இருந்தாலும் பசித்தவர்தான்.

ஆனால் அந்த மனிதர் லேசில் அன்பு காட்டக்கூடிய ஆள் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இதையா மனுசன் திங்கிறது" என்பார். ரொட்டி கொடுத்தால் சோறு எங்கே என்பார். சோறு கொடுத்தால் கட்டச்சம்பல் எங்கே என்பார். கொண்டுபோகிறவர்களின் சாதியைச் சொல்லி வாய்க்கு வந்தபடி ஏசுவார். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, இஸ்தோப்பில் நின்று, பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, வரச்சொல்லிக் கத்துவார். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அதில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள். லயத்தில் உள்ள கைப்பிள்ளைகள் எல்லாம் அலறிக்கொண்டு எழும்பும். மாதர் ஐக்கியத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது என் அம்மாதான்.

அந்த அம்மாவை இவர் என்ன பாடு படுத்தினார் என்று எனக்குத் தெரியும். அம்மா அவருக்குக் கீழே மலையில் கொழுந்து எடுத்தவர். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குப் போனதற்குப் பிந்திய காலம். மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று ஒரு கழிவு, கூடைக்கென்று ஒரு கழிவு, அதற்கு மேல் அவர் இஷ்டத்துக்கு ஒரு கழிவு. நாள் முழுக்க அட்டைக் கடியில் நின்றுவிட்டு வந்த பொம்பளைக்குக் கடைசியில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். காலையில் கொஞ்சம் பிந்தினால் மலைக்கே விடாமல் திருப்பி அனுப்புவார். எனக்குச் சாதாரண தரப் பரீட்சை வந்த வருஷம் இப்படி வெட்டி வெட்டியே சம்பளம் சுருங்கி, அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. திரும்பி வரவில்லை. கூடைக் கயிறு பதிந்த இடத்தில் அம்மாவுக்கு இன்றைக்கும் முடி இல்லை. எண்ணெய் வைத்துவிடும்போது என் விரல் அந்த இடத்தில் படும்.

இப்போது அதே அம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்கிறார். அவர் ஏசுகிறார். அம்மா "சரிங்க கங்காணி" என்கிறார். பின்னேரங்களில் கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்ற அதே நிற்பு. எனக்கு வயிறு எரிகிறது.

என் கேள்வி இதுதான். இது கிறிஸ்து சொன்ன அன்பா? இல்லை, தலைமுறை தலைமுறையாகக் குனிந்து பழகிய முதுகு தானாகக் குனிகிறதா? எங்கள் மலையில் சபை வந்த கதையும் நெஞ்சை உறுத்துகிறது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டத் துரைமாரின் பண உதவியோடு நடந்தது. பொறுமையாக இரு, அடங்கி இரு என்பதைப் பிரட்டுக் களத்திலும் கேட்டோம், பிரசங்க பீடத்திலும் கேட்டோம். நான் விசுவாசத்தை விட்டுப்போகிறவள் இல்லை. அதனால்தான் இது தெளிவாக வேண்டும் என்று கேட்கிறேன். அம்மாவைத் தடுக்கலாமா? அந்த மனிதரைப் பார்த்தாலே கோபம் வருகிற நான் என்ன செய்ய வேண்டும்?

டிக்கோயாக்காரி:

தங்கச்சி, வேதம் பற்றிப் பேச இங்கே தெரிந்தவர்கள் வருவார்கள். நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிறவள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் செத்தவர்கள் பேரைக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதிலேயே கண் நின்றுவிட்டது. அது குணம் மட்டும் இல்லை. அந்த வயதில் மறதி நோய் வந்தவர்களுக்கு நேற்றைக்கு நடந்தது நினைவில் நிற்காது, முப்பது வருஷத்துக்கு முந்தியது பச்சையாக இருக்கும். அவர் உள்ளத்தில் இன்னும் பிரட்டு நடக்கிறது. கூப்பிட்ட ஆள் வரவில்லை என்றால் அவருக்குப் பதற்றம், பதற்றத்தில் ஏச்சு.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். சீனிக்குக் குளிசை போடுகிறவர் இராச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டால் விடியும் நேரத்தில் இரத்தத்தில் சீனி இறங்கிவிடலாம். சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும், ஆள் தெரியாமல் கத்துவார்கள். சாப்பாட்டைக் குறை சொல்லித் தள்ளிவிட்ட இரவுகளுக்கு அடுத்த காலையில்தான் கூச்சல் அதிகமா என்று பாருங்கள். அப்படி என்றால் இது உயிருக்கே ஆபத்தான விஷயம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். குளிசையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். கத்துகிற நேரத்தில் வியர்த்திருந்தால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், வண்டி பிடியுங்கள்.

கால் புண்ணில் கிருமி ஏறினாலும் வயசானவர்களுக்குப் புத்தி தடுமாறும். மூத்திரத்தில் கிருமி இருந்தாலும் அப்படித்தான். காது எப்படி? பாதி கேட்காத ஆள் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். முன்னால் போய் நின்று, முகம் தெரிகிற மாதிரிப் பேசுங்கள். பின்னால் இருந்து கூப்பிட வேண்டாம். "நீங்க ரிட்டயர் ஆகி எவ்வளவு காலம்" என்று வாதாடவும் வேண்டாம். "இன்னிக்கு மழை கங்காணி, வேலை இல்ல, படுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வார்டில் ஒரு பழைய ஸ்டோர் மேட்டு (தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்) இருந்தார், நடுச்சாமத்தில் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்துவார். "நிப்பாட்டியாச்சு" என்று சொன்னால் தூங்கிவிடுவார்.

வருத்தக்காரர் என்பதற்காக அவர் அந்தக் காலத்தில் செய்தது சரி ஆகிவிடாது. அன்றைக்கு அவருக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குக் கத்துகிற ஆள் அன்றைக்குத் தராசு பிடித்த ஆள் மாதிரியே தெரிந்து செய்கிறார் என்று எடுத்துக்கொண்டால், உங்களுக்குத்தான் இரட்டைப் பாரம். மனநலம் பற்றிக் கேட்க 1926 என்ற இலக்கம் இருக்கிறது. யோசிக்காமல் எடுங்கள்.

பழைய உபதேசியார்:

மகள், உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். இதைச் சபையில் கேட்டதற்கு வசனம் சொல்லி அனுப்பினார்கள் என்பது எனக்கு வேதனை. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் உபதேசியாராக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சரித்திரம். நீங்கள் எழுதியது உண்மை. துரைமாரின் சந்தாவில் உபதேசிமாருக்குச் சம்பளம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. சம்பளம் கொடுக்கிறவருக்குப் பிடித்த வசனங்கள் அதிகமாகவும் பிடிக்காத வசனங்கள் குறைவாகவும் வாசிக்கப்பட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கங்காணி முறையும் இலேசானது இல்லை. ஆட்களைத் தமிழ்நாட்டில் இருந்து கூட்டிவந்து, தலைக்காசு வாங்கி, கடனில் கட்டிவைத்து, அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளோடு சேர்த்துத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா குனிந்தது பயத்தில்தான். அதற்கு அன்பு என்று பேர் வைத்துப் பிரசங்கம் பண்ணியவர்கள் தேவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பிரசங்கத்தில் விடப்பட்ட பக்கங்களையும் நாம் வாசிக்க வேண்டும். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் இயேசு நிற்கிறபோது ஒரு சேவகன் அவரை அறைகிறான். அவர் என்ன செய்தார்? மறு கன்னத்தைக் காட்டு என்று போதித்தவர் அவர்தானே. யோவான் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயானால், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நேருக்கு நேர் கேட்டார். திருப்பி அடிக்கவில்லை. தலையையும் குனியவில்லை. சகிப்பது என்றால் வாய்மூடி நிற்பது என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பெதஸ்தா குளத்து மனிதனையும் பாருங்கள். முப்பத்தெட்டு வருஷம் படுத்துக்கிடந்தவன். சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா என்று கேட்டால் ஆம் என்று ஒரு சொல் இல்லை. எனக்கு ஆள் இல்லை, எனக்கு முந்தி இன்னொருவன் இறங்கிவிடுகிறான் என்று முறைப்பாடுதான். குணமான பிறகு நன்றி சொன்னதாகவும் எழுதியில்லை. அப்புறம் போய், தன்னைக் குணமாக்கினவர் இயேசு என்று அவரைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடமே சொல்லிக் கொடுக்கிறான். அதனால் அவருக்குத் தொல்லை வருகிறது. இப்படிப்பட்டவன் என்று கர்த்தருக்கு முன்னமே தெரியாதா? தெரிந்தும் எழுப்பி நடக்கவிட்டார். அத்தோடு விடவும் இல்லை. தேவாலயத்தில் அவனைக் கண்டு, இனிப் பாவஞ்செய்யாதே என்று முகத்துக்கு நேரே சொன்னார். உதவியும் செய்தார், உண்மையையும் சொன்னார். கொடுத்ததற்குப் பதிலாக அவனிடம் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை.

நம் மலைநாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கோவாவில் இருந்து வந்த புனித யோசப் வாஸ் அடிகளை 1692இல் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகப்பட்டுக் கண்டியில் சிறை வைத்தார்கள். 1697இல் அதே கண்டியில் அம்மை நோய் பரவியது. நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சனங்கள் ஓடினார்கள். தம்மை அடைத்து வைத்த நகரத்தின் நோயாளிகளுக்கு அவர் குடிசை போட்டுக் கொடுத்தார், புண்ணைக் கழுவினார், சாப்பாடு ஊட்டினார். செத்தவர்களைக் குழி வெட்டிப் புதைத்தார். எந்த மதம் என்று பார்க்கவில்லை. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். 2015இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் வீட்டிலும் டிவிக்கு முன்னால்தான் இருந்தோம்.

அவர் குனிந்து பழகியதால் அதைச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. விட்டுவிட்டுப் போக அவருக்கு வழி இருந்தது. போகவில்லை. உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்கும் நான் இதைத்தான் பார்ப்பேன். அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடிந்தும் போகிறார் என்றால் அது அன்பு. முடியாமல் போகிறார் என்றால், அவரை அந்தப் பயத்தில் இருந்து விடுவிப்பதுதான் சபையின் முதல் வேலை, கங்காணிக்குச் சோறு கொடுப்பது இரண்டாவது.

உங்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். பவுல் ரோமருக்கு எழுதும்போது "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்கிறார். உங்களால் ஆனதுக்கு மேல் கேட்கவில்லை. அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது கன்னானாகிய அலெக்சந்தர் எனக்கு வெகு தீமைசெய்தான், நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்று பேர் சொல்லியே எழுதுகிறார். தீமையைத் தீமை என்று சொல்வது அன்புக்கு விரோதம் இல்லை. அவரைப் பார்த்தால் உங்களுக்குப் பாசம் பொங்க வேண்டும் என்று கர்த்தர் கேட்பதாக நான் நம்பவில்லை. அவர் பசியோடு படுக்கக் கூடாது, புண் அழுகக் கூடாது, அநாதையாகச் சாகக் கூடாது. இவ்வளவையும் நீங்கள் மனதார விரும்பினால் போதும், அதற்கு ஒரு கையும் கொடுத்தால் இன்னும் நல்லது. கோபம் அதன் பாட்டுக்குக் கூட வரட்டும். சங்கீதங்களில் பல அந்தக் கோபத்தோடு பண்ணிய ஜெபம்தானே.

கடைசியாக, சபைக்காரர்களுக்கும் ஒரு சொல். சோற்றோடு துண்டுப்பிரசுரம் வைத்து அனுப்ப வேண்டாம். நடக்கவும் முடியாத ஒரு கிழவனைச் சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற பேச்சு வந்தால், அது நியாயமான பேச்சு.

சாரல்:

ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். முறை ஏன் மாதர் ஐக்கியத்துக்கு மட்டும்? அந்த லயத்தில் ஆம்பிளைகள் இல்லையா? சபையில் வாலிபர் ஐக்கியம் இல்லையா? நாள் பூராவும் மலையில் நின்றுவிட்டு வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்து, அதற்கு மேல் ஏச்சும் வாங்கிக்கொண்டு வருவதற்குப் பொம்பளைகள். சம்பந்தப்பட்ட கங்காணியிடம் அரைப்பேர் வாங்கியவர்களும் அதே பொம்பளைகள்தான். இதற்கு அன்பு என்று பேர் வைப்பதற்கு முன்னால் பாரத்தைப் பங்கு போடுங்கள்.

அவருடைய மகன்மாரை ஏன் எல்லாரும் விட்டுவிட்டீர்கள்? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தங்களைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது. பராமரிப்புப் பணம் கேட்டு முறைப்பாடு செய்ய பராமரிப்புச் சபை என்று ஒன்றும் அந்தச் சட்டத்தில் உண்டு. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி சொல்வார்கள். கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. போதகரும் தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டியில் ஒருவரும் சேர்ந்து மகன்மாரிடம் ஒரு போன் பேசினாலே கொஞ்சம் அசையும். அந்தக் கிழவருக்கு இரவுச் சோற்றை விட மகன் குரல் பெரிய மருந்தாக இருக்கலாம்.

சாதியைச் சொல்லி ஏசுவதை நான் தாங்க மாட்டேன். மறதி நோய் என்றாலும் கேட்கிற காது அம்மாவுடையது. ஏச்சு தொடங்கியதும் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும். சாப்பாடு கிடைக்கிறது, ஏசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். எதற்காக நின்று கேட்க வேண்டும்?

இதை வாசிக்கிற வேறு சகோதரிகளுக்கும் சொல்கிறேன். இது நடக்கவும் முடியாத ஒரு முதியவர் கதை. வீட்டில் கசிப்பைக் குடித்துவிட்டு வந்து அடிக்கிற ஆளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே பொறுத்துக்கொள் என்று யார் சொன்னாலும், பீடத்தில் இருந்து சொன்னாலும், கேட்காதீர்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். முதலில் பாதுகாப்பு.

மேல்டிவிஷன் மகள், ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவைத் தடுக்கலாமா என்று எங்களிடம் கேட்கிறீர்கள். அம்மாவிடமே ஏன் போகிறார் என்று கேட்டீர்களா?

மேல்டிவிஷன் மகள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் கேட்டேன். சண்டையாக இல்லை, மா பிசைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அம்மா சொன்னது எனக்குத் தெரியாத கதை. முதல் நாள் சாப்பாடு கொண்டுபோனபோதே கங்காணியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்: "நீங்க எனக்குப் போட்ட அரைப்பேரு எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு கங்காணி. எம் மக பரீட்சைக்கு இருந்த வருசம் போட்டதும் ஞாபகம் இருக்கு. அதை நான் மறக்கல. இப்ப சாப்பிடுங்க." அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டாராம். விளங்கியதா இல்லையா என்று அம்மாவுக்கே தெரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்றார்.

அப்படியென்றால் ஏன் "சரிங்க கங்காணி" என்று நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "அந்த ஆளு இன்னும் மலையில நிக்கிறாரு. அவரோட மல்லுக்கட்டி என்ன செய்ய? சரின்னா அடங்கிடுவாரு, சோறு உள்ள போகும்" என்றார். டிக்கோயா அக்கா எழுதியதை அம்மா எந்த வார்டிலும் வேலை செய்யாமலே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்! பயமா என்று கேட்டதற்கு அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பயம் இருந்த காலத்துல அந்தாளு வீட்டுப் பக்கமே போக மாட்டேன். இப்ப பயம் இல்ல, அதான் போறேன். பக்கத்துக் காம்பராவுல ஒருத்தன் பட்டினியா கிடந்தா எனக்குச் சோறு எறங்குமா?" என்றார். ஜெபம் பண்ணும்போது அவர் பேரையும் சொல்வாராம். என்ன சொல்லி ஜெபிப்பார் என்று கேட்டேன். "அந்தாளைக் கஷ்டப்படுத்தாம எடுத்துக்கன்னு கேப்பேன். அதுக்கு முந்தி அவனுக்குப் புத்தி வரட்டும்னும் கேப்பேன்" என்றார். அம்மாவைத் தடுக்கிற பேச்சை விட்டுவிட்டேன்.

ஆனால் சாதிப் பேச்சை அம்மா நின்று கேட்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. அதை அம்மாவிடமும் சொன்னேன். ஏசினால் வைத்துவிட்டு வந்துவிடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். வாலிபர் ஐக்கியத்தில் என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் கிழமையில் பாதி நாள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பிளைப் பிள்ளைகளைக் கண்டால் அவர் குரல் கொஞ்சம் இறங்குகிறது என்று தம்பி சொல்கிறான். இதைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் அது அம்மாவுக்கு ஓய்வு. மகன்மாரின் போன் நம்பரைத் தலைவர் தேடுகிறார்.

நான் அவரிடம் போய்ச் சிரித்துப் பேசப் போவதில்லை. ஐயா சொன்ன மாதிரி என்னால் ஆனது எவ்வளவு என்று யோசித்தேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியும், சிங்களம் பேசத் தெரியும், லயத்தில் பலருக்கு அது கஷ்டம். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் பேசுவது என் பங்கு. ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிவிட்ட நாளையும் விடியற்காலையில் கத்துகிற நாளையும் ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். டிக்கோயா அக்கா, கிளினிக்குக்குப் போகும்போது வேறு என்ன கொண்டு போக வேண்டும்?

டிக்கோயாக்காரி:

அந்தக் கொப்பியையே கொண்டு போங்கள் தங்கச்சி, டாக்டருக்கு அது பெரிய உதவி. கிளினிக் புத்தகம், அடையாள அட்டை, அவர் போடுகிற குளிசை எல்லாம் ஒரு பையில். முடிந்துபோன வெறும் அட்டைகளையும் விட வேண்டாம். நாட்டு மருந்து, எண்ணெய், கஷாயம் ஏதும் எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிற்றில் வரச்சொல்கிற நாளில் சீனிக் குளிசையைப் போடலாமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் சாப்பாட்டுப் பார்சல் இருக்கட்டும். இரத்தம் எடுத்தவுடன் கொடுத்துவிடுங்கள். காலுக்குத் துணி சுற்றியிருந்தால் டாக்டருக்கு முன்னால் அவிழ்த்துக் காட்டுங்கள், அவராகக் கேட்கும் வரை இருக்க வேண்டாம். காதையும் பார்க்கச் சொல்லுங்கள். சில பேருக்கு உள்ளே அழுக்கு கட்டிப்பட்டிருக்கும், எடுத்துவிட்டாலே பாதி கேட்கும். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். லயத்தில் இருந்து ரோட்டுக்கு அவரைத் தாங்கி இறக்க இரண்டு பேராவது வேண்டும்.